ரோட்டைப் பார்க்காத செருப்பு

நாற்பத்தாறு வயதில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு. கணவருக்குக் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வேலை மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. வீட்டில் பொழுது போகாமல் நானே போய்க் கேட்டு வாங்கிய வேலை அது. நாள் முழுக்கச் சேலையை விரிப்பது, மடிப்பது, மறுபடியும் விரிப்பது. வேறு யாருக்காவது அலுத்திருக்கும். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எட்டாவது மாதம் வலது குதிகால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போய் உயிர் வரும். "பேசாம வேலைய விட்ரு" என்றார் கணவர். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை விட்டால் இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்?

டாக்டர் பார்த்துவிட்டு, பயிற்சி சொல்லித் தரும் பெண்ணிடம் அனுப்பினார். வங்காளிப் பெண். எனக்கு அப்போது ஹிந்தி அரைகுறை. சேலைக்கும் நிறத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாது. படியின் விளிம்பில் என்னை நிறுத்தி, "ஏடி உட்டாவோ" என்றாள். நான் முறைத்தேன். காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "ஏடி! ஏடி நீச்சே!" என்று கத்தினாள்.

"யாரப் பாத்து ஏட்டிங்கா இவ? நம்ம மவ வயசுதான் இருக்கும்!" என்று கூட வந்திருந்த கணவரிடம் பொரிந்தேன்.

கணவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒன்னயச் சொல்லல. ஹிந்தியில ஏடின்னா குதிங்காலு. அதத் தூக்கு, கீழ எறக்குங்கா."

அதற்குப் பிறகு தினமும் காலையில் எங்கள் ஜங்லிகாட் வீட்டு மாடிப்படியில் பயிற்சி. கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னை 'டி' போட்டுக் கூப்பிடாத மனிதர், பின்னால் நின்று "ஏடி உட்டாவோ, ஏடி நீச்சே" என்று ஆசை தீரக் கூப்பிட்டார். ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த மாமியார் காதில் அது விழுந்து, "பொண்டாட்டிய என்னல இப்படி அதட்டுத?" என்று அவருக்குத் திட்டு விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எழுந்திருக்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்தேன். ராத்திரி ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலுக்கடியில் உருட்டினேன். மழையில் நனைந்து வந்தால் விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தேன். பாதி வலி போனது. மீதிப் பாதி நகர மாட்டேன் என்றது.

"கடையில் என்ன செருப்பு போடுகிறீர்கள்?" என்று அடுத்த தடவை போனபோது கணவர் மூலம் கேட்டாள் அந்தப் பெண்.

கடைக்குள் செருப்பா? எங்களுடையது தமிழர் கடை. கல்லாவுக்கு மேலே லட்சுமி படம். வேலை செய்கிற நாங்கள் ஐந்து பேரும் வாசலில் கழற்றிவிட்டு, நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலோடுதான் நிற்போம். அதைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் பையிலேயே கிடந்தது. முதலாளி முடியாது என்றால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. மூன்றாம் நாள் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இது ரோட்டையே பாக்காத செருப்பு. கடைக்குள்ள மட்டும் போட்டுக்கிடட்டா? இல்லன்னா என்னால நிக்க முடியாது."

அவர் படத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "கல்லாப் பக்கம் மட்டும் வராதீங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதி வலி போக இரண்டு மாதம் பிடித்தது. வேலை போகவில்லை.

அவரிடம் கேட்ட மறுவாரமே ஒரு காலையில், சேலை அலமாரிக்குக் கீழே என் செருப்புப் பையை எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் இன்னும் நான்கு செருப்புப் பைகள் இருந்தன.

"ஒங்களுக்கும் வலியா?" என்று கூட வேலை செய்கிற நால்வரையும் கேட்டேன்.

"பதினோரு வருசமா" என்றாள், எங்களில் அதிக காலமாக அங்கே வேலை செய்கிற ராமநாதபுரத்துக்காரி.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க கேட்டதுக்கு அப்புறந்தான்க்கா, கேக்கலாம்னே தெரிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டு, புதுச் செருப்பில் காலை நுழைத்தாள்.