மச்சானுக்குக் கொடுத்த அனுமதி

போத்தனூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் அழிக்கலாம் என்று முடிவு செய்கிற ஆள் நான்தான். முதலாளியின் மகனுக்கே அழிக்கிற உரிமை தராமல் பேச்சு வாங்கியவன். நகல் எடுத்த டிஸ்க்கைத் தினமும் சாயங்காலம் ஒயரிலிருந்து கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். அவ்வளவு கறார்.

வீட்டில் அந்தக் கறார் எங்கே போனதோ.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில், நான் பக்கத்தில் இருக்கும்போதே, தன் போனில் பேசிப் பேசிப் பதிந்து வைத்தாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மாவின் குறட்டை, அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், என் நீலச் சட்டைக்குப் பட்டன் வைக்காமல் விட்டது. அவள் போன பிறகு அந்தப் பதினோரு பதிவுகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, என் கம்ப்யூட்டர், அவள் போன், அன்னூரில் இருக்கும் அவள் அண்ணனின் போன் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும்படி இணைத்தேன். மச்சானுக்கு ‘பார்க்க மட்டும்’ என்று வைக்க ஒரு தட்டு போதும். கை வரவில்லை. கூடப் பிறந்தவரிடம் போய்த் தொடாதீங்க என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்காதே. முழு உரிமையும் கொடுத்துவிட்டேன். மூன்று இடத்தில் இருக்கிறதே என்று தனி நகலும் எடுக்கவில்லை.

அவள் போன பிறகு அந்தக் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவேயில்லை. வருஷத் திதிக்கு முதல் நாள்தான் திறந்தேன். காலி. அவள் போனிலும் காலி. அழித்தவர் என்று மச்சான் பெயர் இருந்தது, நாற்பது நாளுக்கு முந்தைய தேதியோடு. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அழித்தது முப்பது நாள்தான் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பதும் தெரியும். பத்து நாள் முன்னால் ஒரு தடவை திறந்திருக்கக் கூடாதா நான்? அன்றைக்கு அழுத மாதிரி அவள் செத்த அன்றுகூட அழவில்லை.

திதிக்கு மச்சான் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங் மாப்ள, பாப்பா பேசுனதக் கொஞ்சம் போடுங்க, கேப்போம். என்ர போன்ல எடமில்லீன்னு அழிச்சுப்போட்டேனுங்க.”

“இன்னைக்கு நெட்டு வேலை செய்யலீங்க மச்சான்.”

“செரி, பரவால்லீங்க. உங்ககிட்ட இருந்தாப் பத்தரமா இருக்கும்” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தலையை ஆட்டினேன்.