ஆட்டுக்குப் போட்ட பப்பாளி

அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். நான் அதை நான்கு வருஷம் முகர்ந்தவள். முகர்ந்தது மட்டுமா, பெருமையாகச் சமைத்துப் பரிமாறியும் இருக்கிறேன்.

அறுபதுகளில் என் கணவருக்கு அந்தமானில், மாயாபந்தரில் ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தா வேலை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. மெட்ராஸில், எங்கள் பேச்சில் 'மெயின்லேண்டில்', கப்பல் ஏறும் காய்கறி போர்ட் பிளேரில் இறங்கி, கொட்டகையில் கிடந்து, பிறகு சின்ன போட்டில் ஏறி எங்கள் படகுத்துறைக்கு வந்து சேரும். மூட்டையை அவிழ்த்தால் பழுப்பாக நீர் கசியும். வெங்காயம் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முட்டைக்கோஸை இலை இலையாக உரித்து எறிந்தால் கடைசியில் ஒரு கைப்பிடி வெள்ளைக் குருத்து மிஞ்சும். அரிசியில் வண்டு. அதைப் புடைத்து, ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி, இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் உலை வைப்போம். அதற்கப்புறம் குடியிருப்புத் தமிழ்ப் பெண்கள் கூடி, "எங்களுக்கு மெயின்லேண்ட் கோஸ் கெடச்சுது" என்று ஒருத்திக்கொருத்தி பீற்றிக்கொள்வோம். கிடைக்காதவள் முகம் சுண்டிப்போகும். என்ன ஜென்மங்களோ நாங்கள்!

இத்தனைக்கும் எங்கள் கொல்லையில் யாரும் விதைக்காமலே மூன்று பப்பாளி மரங்கள் நின்றன. வேலிக்கு நட்ட முருங்கை தழைத்துத் தெருவில் சாய்ந்தது. பூசணிக்கொடி தகரக் கூரைமேல் ஏறிவிட்டது. ஒன்றையும் நாங்கள் தொட்டதில்லை. இந்த மண்ணில் முளைப்பதெல்லாம், ஊரில் நாங்களே தின்ற முருங்கையும் பூசணியும்கூட, காட்டுச் சமாச்சாரம், அந்தக் காலத்துக் கைதிகள் தின்றது என்று ஒரு இளக்காரம். போதாததற்கு அப்போது என் வயிற்றில் இரண்டாவது இருந்தது. பப்பாளி நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எல்லாம் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணின் ஆட்டுக்குப் போயிற்று. கொண்டுபோய்ப் போடுவது என் நான்கு வயது மகளின் வேலை. முருங்கைக் கொத்தையும் பழத்துண்டையும் மடியில் கட்டிக்கொண்டு தினம் சாயங்காலம் ஓடுவாள்.

ஒருநாள் அந்த வங்காளிப் பெண் வேலியோரம் நின்று ஆச்சரியமாகக் கேட்டாள்: "தீதி, ஆப் லோக் யே ஸாக் நஹி காத்தா?"

அக்கா, இந்த முருங்கைக்கீரையை நீங்கள் சாப்பிடுவதில்லையா என்று கேட்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "பக்ரி காத்தா. ஹம் மெயின்லேண்ட் காத்தா," என்றேன். ஆடு தின்னும், நாங்கள் மெயின்லேண்ட் சாமான்தான் தின்போம் என்று. அவள் சிரித்தாள். அவளுடைய நான்கு பிள்ளைகளும் அதே கீரையைத் தின்று மொழுமொழுவென்று திரிந்தார்கள். அதைக் கூடப் பார்க்கத் தெரியாத கண் எனக்கு.

மழைக்காலத்தில் மகளுக்குத் தட்டம்மை வந்து இறங்கியது. அதற்குப் பிறகு இளைத்துவிட்டாள். சாயங்காலமானால் நிலையில் முட்டிக்கொள்வாள். எதிரில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். இந்தத் தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஊரில் விளக்கு வைக்கக்கூட யோசிக்கிற நேரம் அது. இருட்டு சீக்கிரம் வருகிறது, பிள்ளை தடுமாறுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பால் பவுடரைக் கரைத்து வைத்ததை ஒருநாள் கொட்டிவிட்டாள் என்று முதுகில் இரண்டு போட்டும் விட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் ஆட்டைப் பார்க்கக் கிளம்பினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடைமேல் பாலமாக ஒரு மரக்கட்டையைப் போட்டிருந்தார்கள். மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடு அதன்மேல் துள்ளிக்கொண்டு ஓடியது. பின்னாலேயே போனவள் ஓரத்தில் காலை வைத்துச் சேற்றில் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தியதும் கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். நான் ஒரு முழம் தள்ளி எதிரிலேதான் நிற்கிறேன். "அம்மா எங்கே?" என்றாள்.

மறுநாள் காலை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கம்பவுண்டர் ராமநாதபுரத்து முஸ்லிம், தமிழில் பேசக்கூடியவர். இமையை விலக்கிப் பார்த்தார். இடது கண்ணின் கருவிழியில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று விழுந்திருந்தது.

"மாலைக்கண்ணும்மா இது. முத்திப்போச்சு. புள்ளைக்கு என்னதான் குடுக்குறீங்க?"

"எல்லாம் மெயின்லேண்ட் சாமான்தான் அண்ணே," என்றேன். அந்த நேரத்திலும் அதில் ஒரு பெருமை!

"கீரை?"

"கப்பல்ல கீரை எங்கண்ணே வருது?"

அவர் கையிலிருந்த புட்டியை மேஜையில் ணங்கென்று வைத்தார். "கப்பல்ல ஏம்மா வரணும்? உங்க கொல்லையில இல்லையா? முருங்கையும் பப்பாளியும் இந்த ஊர்ல ரோட்டுல கெடக்கு. அத யாரு திங்கிறா?"



சுறா ஈரல் எண்ணெய் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் மீன் வாடை வீடெல்லாம் பரவியது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஊற்றினேன். சைவமாவது ஒன்றாவது! தினம் முருங்கைக்கீரை, பூசணி, பப்பாளி. சில வாரத்தில் அந்திக்கருக்கலில் அவள் கண் தெரிய ஆரம்பித்தது. இடது கண்ணின் பொட்டு மட்டும் போகவே இல்லை. இன்றைக்கும் அவள் யாரைப் பார்த்தாலும் தலையை ஒருபுறம் சாய்த்துத்தான் பார்க்கிறாள். கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான் நிற்கிறாள்.

கம்பவுண்டரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. கணவரிடமும் சொன்னதில்லை. அம்மை வருவதற்கு முன்னால் ஒருநாள், ஆட்டுக்கு எடுத்துப்போன பப்பாளியில் ஒரு துண்டை என் மகள் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "சீ, ஆடு திங்கிறத நீ திம்பியா, துப்புடி," என்று கத்தினேன். அவள் துப்ப மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்து, அதை ஆட்டுக்குப் போட்டேன்.