ஏட்டிக் குழம்பின் சொந்தக்காரி

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தளவாய்புரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எனக்குச் சாப்பிடத் தெரியும். சாம்பாரில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் என் நாக்கு கண்டுபிடித்துவிடும். அந்த நாக்கை வைத்துக்கொண்டு சொல்கிறேன், என் தம்பி சிவபாண்டியின் பெண்டாட்டி காளீஸ்வரி மாதிரி சமைக்கிறவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. நாத்தனார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று கல்யாணமான பெண்களுக்குத் தெரியும்.

என் பெயர் சண்முகத்தாய். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நைட்டி தைப்பார்கள். நானும் மாடியில் பத்து மிஷின் போட்டு ஒரு யூனிட் நடத்துகிறேன். காளீஸ்வரி அங்கே ஓவர்லாக் மிஷினில் உட்காருவாள். தையலில் அவளை நான் புகழமாட்டேன். கை துணியில் இருக்கும், மனசு அடுப்பில் இருக்கும். "காளி, ஓரம் கோணுது பாரு" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போய்விட்டது.

யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் கேரியரைத் திறந்ததும் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. அவரவர் கேரியர் மூடியை மல்லாத்தி வட்டமாகச் சுற்றிவிட வேண்டும். மூடி ஒவ்வொருத்தியைத் தாண்டும்போதும் அவள் தன் குழம்பிலோ பொரியலிலோ ஒரு கரண்டி வைப்பாள். திரும்பி வரும்போது பத்து வீட்டுச் சமையலும் அதில் இருக்கும். இதை ஆரம்பித்து வைத்தவள் காளீஸ்வரிதான். நாங்கள் எல்லாம் வயிற்றுக்குச் சாப்பிடுவோம், இவள் துப்பறியச் சாப்பிடுவாள். "ஏக்கா, சீரகத்தை வறுத்துப் போட்டியளா, பச்சையாவே அரைச்சியளா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கை கழுவமாட்டாள்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பை வாங்க முன்பக்கம் போவார்கள். இவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டா கழுவுகிற பின்பக்கம் போவாள். சமையல் மாஸ்டர்கள் லேசில் சொல்கிற ஆட்களா? ஒரு சாமானை மறைத்துவிட்டுத்தான் பக்குவம் சொல்வார்கள். இவள் வீட்டுக்கு வந்து மூன்று நாலு தடவை செய்து பார்த்து, மறைத்தது என்ன என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. உடனே போனை எடுத்து வாய்ஸ் மெசேஜில் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாள். எழுதுவதற்கு அவளுக்குக் கை வணங்காது.

"கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதை இப்பிடித் தூக்கித் தூக்கிக் குடுக்கியே, ஒன்னு ரெண்டையாவது கைக்குள்ள வச்சுக்கிட வேண்டாமா?" என்று கேட்பேன்.

"சொல்லாம வச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது மதினி" என்பாள்.

கொடுப்பதில் குறை வைக்காதவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவள் பக்குவம் எல்லாம் ஊரைச் சுற்றும், அவள் பெயர் சுற்றாது. யார் அனுப்பினார்களோ அவர்கள் பெயர்தான் நிற்கும். ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். ஒரு புளிச்சாதத்தைக் காட்டி, "ஜெயசித்ரா சொல்லிக் குடுத்தது, சாப்பிட்டுப் பாருங்க" என்று இவளிடமே நீட்டினார்கள். ஜெயசித்ரா எங்கள் யூனிட்டில் வேலை பார்த்தவள், கல்யாணமாகி ராஜபாளையம் போனவள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். நானாக இருந்தால் அங்கேயே ரெண்டு கேட்டிருப்பேன். இவள் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள். பஸ் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"கோயில் கொடையில டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தவன் பேரை மைக்குல சொல்லுதாவ. கல்யாணத்துல பந்தல்காரன் பேரு, மைக்செட்டுக்காரன் பேரு எல்லாம் வருது. சமைக்கிறவ பேரை ஒருத்தரும் சொல்லுததில்ல. ஒரே ஒரு தடவை எம் பேரை மைக்குல கேக்கணும் மதினி."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்தவர்களிடம் ஒன்றும் கேட்டு வாங்காதவள், இதைக்கூட என்னிடம்தானே சொல்ல முடியும்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக்கடைக்காரர் கடையின் வெள்ளிவிழாவுக்காகச் சமையல் போட்டி வைத்தார். வீட்டிலேயே செய்து கொண்டுவர வேண்டும். புதுக் கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும், வேறு யாரும் செய்ததாக இருக்கக் கூடாது. முதல் பரிசு வெட் கிரைண்டர். ஜெயிக்கிறவர் பெயரை மைக்கில் அறிவித்துப் பொன்னாடை போடுவார்கள். கிரைண்டர் மீது எனக்குக் கண், மைக் மீது அவளுக்குக் கண்.

என்ன கொண்டுபோவது என்பதில் சந்தேகமே இல்லை. முந்தின வருஷம் அவள் ஒரு குழம்பு கண்டுபிடித்திருந்தாள். வத்திராயிருப்புக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மா மாவத்தல் வைத்திருந்தார். மாங்காயைக் கீறி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்தது. ஒரு படி வாங்கி வந்தாள். ஒருநாள் வீட்டில் புளி இல்லை. புளிக்குப் பதில் அந்த மாவத்தலை ஊறவைத்து, அவித்த பலாக்கொட்டையைத் தட்டிப் போட்டு, மல்லியும் மிளகாய் வத்தலும் ஒரு கை பச்சரிசியும் வறுத்து அரைத்து ஊற்றி, நல்லெண்ணெயில் இறக்கினாள். அன்றைக்கு மூடியில் அது வந்தபோது ஆளாளுக்கு இன்னொரு கரண்டி கேட்டார்கள். நான் மூடியை வழித்து நக்கினேன், சொல்வதற்கு வெட்கம் ஒன்றுமில்லை.

போட்டி நாளில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை. 'பலாக்கொட்டை மாவத்தல் குழம்பு, காளீஸ்வரி, தளவாய்புரம்' என்று என் கையால் எழுதி வைத்தேன். அப்புறம் போட்டிக்கு என்னென்ன வந்திருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்க்கக் கிளம்பினோம்.

ரெண்டாவது மேஜையில் ஒரு அட்டையில் 'ஏட்டிக் குழம்பு' என்று எழுதியிருந்தது. இதென்ன பேர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மேஜையிலும் ஏட்டிக் குழம்பு. அதற்கடுத்தும் அதே. மொத்தம் ஆறு தட்டு. ஒன்றில் முருங்கைக்காய் மிதந்தது, ஒன்றில் கத்தரி வத்தல், ஒன்று தேங்காய்ப்பால் விட்டு வெளிறியிருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் பலாக்கொட்டை, எல்லாவற்றிலும் மாவத்தல்.

"மதினி, இது என் குழம்பு" என்றாள் காளீஸ்வரி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நடுவர்களில் மூத்தவர் பால்சாமி. பல வருஷம் மதுரையில் மெஸ் நடத்தியவர், நிதானமான மனிதர். ஒவ்வொரு தட்டாக ருசி பார்த்துக்கொண்டே வந்தார். முடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இங்க ஆறு தட்டுல ஒரே குழம்பு இருக்கு, பேரும் ஒன்னு. ஏழாவது ஒரு தட்டுல அதே குழம்பைப் பேரை மட்டும் மாத்தி வச்சிருக்கு. மத்த ஆறுலயும் இருக்கிற கருப்பட்டி அதுல இல்ல. காப்பியடிச்சதையும் முழுசா அடிக்கல போல."

மண்டபம் சிரித்தது. ஏழாவது தட்டு எங்களுடையது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கண்டுபிடித்தவளைப் பார்த்துக் காப்பி என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? எழுந்து மேடைக்குப் போகப் பார்த்தேன். காளீஸ்வரி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"புதுசுன்னு சொல்லி அடுத்தவங்களோடதைக் கொண்டு வந்தா ஏத்துக்கிட முடியாது. ஏழு தட்டையும் எடுத்துரலாம்னு இருக்கோம்" என்றார் பால்சாமி.

ராஜபாளையத்திலிருந்து வந்த ஜாஸ்மின் என்ற பெண் விருட்டென்று எழுந்தாள். "நான் ஒன்னும் திருடல சார். எங்க சித்தி வாட்ஸ்அப்புல அனுப்புனது. நீங்களே கேளுங்க" என்று மேடையேறிப் போனை மைக்கில் வைத்தாள்.

"ஏட்டி, கேளு" என்று ஒரு குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. காளீஸ்வரியின் குரல். ஜெயசித்ராவுக்கு அனுப்பியது, கை மாறி மாறி எங்கெல்லாமோ போயிருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்று ஒருத்திக்கும் தெரியாததால், 'அடியே' என்பதற்கு எங்கள் பக்கம் சொல்கிற அந்த முதல் வார்த்தையையே குழம்புக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மாவத்தலை ஊறவைப்பதிலிருந்து அரைத்து ஊற்றுவது வரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்த குரல், நடுவில் கொஞ்சம் தள்ளிப்போய், "கொஞ்சம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு எறக்குங்க" என்றது. பிறகு மறுபடி பக்கத்தில் வந்து நல்லெண்ணெயைப் பற்றிப் பேசியது.

காளீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மதினி, அது ஒங்க தம்பிகிட்ட சொன்னது. அன்னைக்கு அவியளுக்குச் சளி. பக்கத்து அடுப்புல சுக்குத்தண்ணி கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு."

அந்தக் கோபத்திலும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பியின் சுக்குத்தண்ணிக் கருப்பட்டி ஆறு வீட்டுக் குழம்பில் விழுந்திருக்கிறது.

பால்சாமி சிரிக்கவில்லை. "வேற ஒரு அம்மா சொன்னதைத்தான் செஞ்சீங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அந்த அம்மாவைக் கேட்டுத்தான் இங்க கொண்டு வந்தீங்களா?" என்றார். ஆறு பேரும் தலையைக் குனிந்தார்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்த நாகஜோதி, தேங்காய்ப்பால் விட்டவள், அழவே ஆரம்பித்துவிட்டாள். மாமியார் வீட்டு ஆட்கள் ஒரு வரிசை முழுக்க அவளுக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். "அந்தக் குரலுக்குச் சொந்தக்காரவுக இங்க இருந்தா சொல்லுங்க. அவுக தட்டு மட்டும் போட்டியில இருக்கும்" என்றார் பால்சாமி.

"போ காளி. இனி கிரைண்டரும் உனக்குத்தான், மைக்கும் உனக்குத்தான்" என்று அவளை நெட்டித் தள்ளினேன்.

எழுந்தாள். நேராக மேடைக்குப் போகாமல் மேஜை வரிசைக்குப் போனாள். ஆறு தட்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நாகஜோதி தட்டில் ரெண்டாவது கரண்டியும் எடுத்தாள். மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை. அதன் பிறகுதான் மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு காளீஸ்வரி. தளவாய்புரம். அந்தக் குரல் என்னோடதுதான், குழம்பும் நான் கண்டுபிடிச்சதுதான். இவிய யாரும் திருடல. நான் குடுத்தேன். கேக்காதவியளுக்கும் போய்ச் சேரட்டும்னுதான் குடுத்தேன்."

பால்சாமி கொஞ்சம் யோசித்தார். "ஊருக்கே குடுத்துட்டேன்னு சொன்னா உங்க தட்டு புதுசுன்னு ஆகாதேம்மா."

"தெரியும் ஐயா. என் தட்டை எடுத்துருங்க. கருப்பட்டி நான் குழம்புக்குச் சொல்லல, எங்க வீட்டுக்காரவுக சுக்குத்தண்ணிக்குச் சொன்னேன். இவியளாப் போட்டிருக்காவ, எந்த அளவுக்குப் போடணும்னு இவியளாக் கண்டுபிடிச்சிருக்காவ. என் குழம்பை விட நல்லா இருக்கு. தேங்காப்பாலும் முருங்கைக்காயும் அவியவிய கைப்பக்குவம். அது எல்லாம் புதுசுதான். பாத்து பரிசு குடுங்க."

நடுவர்கள் மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். எங்கள் தட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்ற ஆறையும் விட்டார்கள். நாகஜோதிக்குக் கிரைண்டர் கிடைத்தது. அவள் பெயரை மைக்கில் சொல்லிப் பொன்னாடை போட்டபோது காளீஸ்வரிதான் எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினாள். கையில் வந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கை வேறு தட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்தும் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், அவர் கேட்காமலே, "அவ என் தம்பி பெண்டாட்டி" என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

காளீஸ்வரி கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைக்கில் அடுத்த பரிசை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காதோரம் குனிந்தாள்.

"மதினி, நான் எம் பேரைச் சொன்னது நல்லாக் கேட்டுச்சா?"

"வெளிய செருப்பு விடுற எடம் வரைக்கும் கேட்டுச்சு" என்றேன்.