ரைட்டர் சிரித்த படம்

நான் பொய் சொன்னேன். இறந்துபோன ஒருவரின் படம் என் கேமராவில் இருக்கும்போதே, அப்படி எதுவும் இல்லை என்று அவருடைய மகளிடம் சொன்னேன். நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை... என் கணவரிடம்கூட.

உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம்தான். உங்களுக்கு என்னைத் தெரியாது.

என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை நல்லவள் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு நடுவே நான் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். ஆம், நிம்மதியாகத்தான். உறக்கம் கெட்டு உருகிப்போனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஏற்காடு பேருந்து நிலையத்தின் அருகில் சிறிய போட்டோ கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஜெராக்ஸ், லேமினேஷன், இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. சர்ச்சில் பூசை முடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கால் போன பக்கம் போய்விடுவேன்.

இது சென்னையில் பிடித்த பழக்கம். பதினேழு வருடங்கள் அங்கே ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில் பூக்கடை, பாரிமுனை, சென்ட்ரல் வாசல் என்று சுற்றுவேன். கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பேன். பேருந்துப் படியில் தொங்குகிறவர், மூட்டை மேல் படுத்து உறங்குகிறவர், கைக்கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்கிற பெண்... எடுத்த மறுநொடியே அவர்கள் கூட்டத்தில் கரைந்துபோவார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு மகள் இருப்பாள் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. பெரிய நகரம் படம் எடுப்பவருக்குத் தரும் சலுகை அது.

மலையில் அந்தச் சலுகை இல்லை. ஞாயிறு அன்று படத்தில் சிக்கியவர் திங்கட்கிழமை ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்து நிற்பார். என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் குடிவந்தபோது, இந்த வித்தியாசம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது... சொல்கிறேன்.

சேவியர் ஐயாவை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். காப்பித் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆள் எண்ணி, பெயர் கூப்பிட்டு, தாமதமாக வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பாரே, அந்த வேலை. மனைவி போய்ப் பல வருடங்கள். ஒரே மகள் ஜெசிந்தாவுடனும் பேத்தியுடனும் இருந்தார். ஜெசிந்தா டவுனில் தையற்கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்தவைதான். ஐயா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். நானும் பார்த்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

மஞ்சக்குட்டைப் பக்கம் போயிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜீப் நிற்கும் இடத்தில், ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை போடும் பழனியம்மாள். பக்கத்தில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர், அவரும் துணையை இழந்தவர். அவருடைய ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துபோயிருந்தது. அவர் முன்னால் ஒற்றை முழங்காலை ஈரத் தரையில் ஊன்றி, அந்த வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தார் சேவியர் ஐயா.

பழனியம்மாளின் ஒரு கை அவர் தோளில். மறு கையில் குடை. மழை நின்றது தெரியாமல் அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார். ரைட்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பக்கவாட்டில் ஒரு பல் இல்லாதது தெரிய, வாய் முழுவதும் திறந்து சிரித்தார்.

என் விரல் அழுத்திவிட்டது.

சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். நான் கேமராவை இறக்கினேன். அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"ஏனுங்கம்மா, படம் எடுத்தீங்களா?"

"ஆமாங்கய்யா. வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறனுங்க."

"காட்டுங்க பாக்கலாம்."

காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பழனியம்மாளும் வந்து எட்டிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இதென்னுங்க... ஊரே சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும் உடு," என்றார் ரைட்டர். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதுல ஒரு படம் போட்டு வையுங்கம்மா. வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாங்கிக்கறேன். பாப்பாகிட்டச் சொல்லோணும். ரெண்டு வருசமா நெனைக்கறனுங்க, வாயில வரமாட்டீங்குது. இதைக் காட்டிப்போட்டா அதுவே சொல்லிரும்."

பாப்பா என்றது ஜெசிந்தாவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வரவில்லை. புதன்கிழமை காலை, காப்பித் தோட்டத்துப் பாதையில் நடந்து போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கீழே சேலத்துக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் ஜெசிந்தா என் கடைக்கு வந்தாள். கூடவே அவளுடைய அத்தை. ரைட்டரின் தங்கை, கோயில் காரியங்களில் கண்டிப்பானவர். அழுது அழுது ஜெசிந்தாவின் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா படம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? நீங்கதான் ஊரெல்லாம் எடுத்துட்டு இருப்பீங்களே. ஊட்டுல தேடிப்பாத்தா ஆதார் கார்டுல இருக்கறதுதான். அது அப்பா மாதிரியே இல்லைக்கா."

கேமரா மேசை இழுப்பறையில் இருந்தது. என் முழங்காலுக்கு நேராக.

"இல்லையே கண்ணு," என்றேன்.

ஏன் சொன்னேன்? அத்தை பக்கத்தில் நின்றது ஒரு காரணம். வீடு நிறைய துக்கத்துக்கு வந்தவர்கள். அந்த நேரத்தில் இதை நீட்டினால் என்ன ஆகும் என்று பயந்தேன். இப்படித்தான் பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் உங்களிடம் அதைச் சொல்லி நழுவ முடியாது. பழனியம்மாளை நீக்கிவிட்டு ரைட்டரின் முகத்தை மட்டும் தனியாக எடுப்பது எனக்கு இரண்டு நிமிட வேலை. என் பிழைப்பே அதுதான். குழுப்படத்திலிருந்து ஒருவரைப் பிரித்து, பின்னால் நீலத் திரை வைத்து, எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டுமாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை. இருபது வருடங்களுக்கு மேல் தெருத்தெருவாகச் சுற்றி நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. அந்தக் குடை, அந்தக் கை, ஈரத்தில் ஊன்றிய முழங்கால்... எதை எடுத்தாலும் படம் செத்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மகளின் துக்கத்தைவிட என் படம் எனக்குப் பெரிதாக இருந்தது!

ஆதார் படத்தையே பெரிதாக்கினேன். அன்று காலை முழுவதும் அந்த இறுகிய முகத்தின் புள்ளிகளைத் துடைத்துத் துடைத்து, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து... அவ்வளவு அக்கறையாக வேலை செய்தேன். அடக்கத்தின்போது பெட்டிக்கு முன்னால் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பழனியம்மாள் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே எஸ்டேட் பெண்களோடு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில இருந்து உக்காந்து செஞ்சு குடுத்தீங்களேக்கா," என்றாள். நான் தலையசைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழனியம்மாள் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்தப் படம் இருக்குதுங்களா?"

அவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. எடுக்கும்போது பார்த்தவர். உடனே அச்சிட்டுக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கினார். பார்க்கவில்லை. மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்குக் குடுத்துட்டீங்களா? அவரு சொல்லியிருந்தாருல்ல."

"குடுத்துட்டனுங்க," என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு எளிதாக வந்தது.

"ஒண்ணும் சொல்லலீங்களா?"

"வாங்கிக்கிட்டா. ஒண்ணும் சொல்லலை."

தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறு வருடம், சென்னையில் என் பழைய படக்கார நண்பர்கள் ஒரு சிறிய கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆறு படங்கள் அனுப்பினேன். அதையும் அனுப்பினேன். என் ஆறில் அதைத்தான் பெரிதாகப் போட்டு, நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மலைக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. அந்த மனிதரை அறியாத அத்தனை பேர் அவர் சிரிப்பைப் பார்த்துவிட்டார்கள். யாருக்காக அதைக் கேட்டாரோ, அவள் பார்க்கவில்லை.

அப்போதாவது கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் அன்று இல்லை என்றது என்ன என்று கேட்பாளே... நாள் ஆக ஆக, உண்மையைச் சொல்வதைவிட அவள் முகத்தைப் பார்ப்பதுதான் பயமாக இருந்தது.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜெசிந்தாவின் மகளுக்கு மிளகாய் பஜ்ஜி மேல் ஆசை வந்தது. ஞாயிறு மாலைகளில் ஜெசிந்தா ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தாள். நேராகப் பழனியம்மாள் கடைக்கு. அங்கேதான் மாவு மொறுமொறுவென்று இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பழனியம்மாளுக்கு அது அவ்வளவாக இல்லை. ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டு நிறுத்தினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பாப்பா வருதுங்க, தெரியுமா? வாரம் தவறாம வருது. மொதல் தடவ வந்தப்ப எண்ணெயில கெடந்த பஜ்ஜியத் திருப்பிப்போடக்கூட மறந்துட்டனுங்க. 'நல்லா இருக்கீங்களாம்மா'ன்னு கேட்டுச்சு. படத்தைப் பாத்துப்போட்டுத்தானுங்களே வந்திருக்கும்? வாயத் தொறந்து சொல்லாட்டிப் போவுது. எங்களை ஏத்துக்கிச்சு. எனக்கு அது போதுமுங்க. நொம்ப நிம்மதியா இருக்கறனுங்க."

எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

இப்போது சொல்லுங்கள். நான் உண்மையைச் சொன்னால் ஜெசிந்தாவுக்கு அவள் அப்பாவின் சிரிப்பு கிடைக்கும். ஆனால் பழனியம்மாளிடமிருந்து அந்த ஞாயிறுகளைப் பிடுங்கிக்கொள்வேன். இத்தனை நாளும் அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல்தான் வந்துபோனாள் என்று ஆகிவிடும். ஜெசிந்தா என்ன சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்ளவும் கூடும். அதைக் கண்டுபிடிக்கும் துணிச்சல் எனக்கில்லை. பழனியம்மாளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியும் என் பொய்யின் பலன்தானே?

போன ஞாயிறு ஏரியைச் சுற்றி வந்தேன். வெயிலும் பனியும் மாறி மாறி வந்த மாலை. பலூன்காரரை எடுத்தேன், படகுக்கு வரிசையில் நின்ற புதுமணத் தம்பதியை எடுத்தேன். மனம் லேசாக இருந்தது. ஜெசிந்தா பஜ்ஜிப் பொட்டலத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் தண்ணீர் ஓரம் வாத்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஜெசிந்தா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏனுங்கக்கா, அந்த பஜ்ஜிக்கடை அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் கண்ணு?"

"எனக்கு மட்டும் எப்பவும் ரெண்டு சேத்துப் போடறாங்க. வேண்டாம்னாலும் கேக்கறதில்லை. போன வாரம் என் பொறந்தநாளு. நான் சொல்லவே இல்லைக்கா. தலையில கை வெச்சு, 'பொறந்தநாளும் அதுவுமா நல்லா இரு சாமி'ங்கறாங்க. அது எப்படித் தெரியும் அவங்களுக்கு? எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏனுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் பழனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் சிரித்தார்.

"தெரியலையே கண்ணு," என்றேன். மூன்றாவது பொய்.

ஜெசிந்தா பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பஜ்ஜியை எடுத்து என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. சாப்பிட்டேன்.