மாதப்பனின் இரும்புத் தொப்பி

பழைய இரும்புக் குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார் வெள்ளைச்சாமி. ஓசூர்க் கடைக்காரர்களுக்கு இவர் ‘மிலிட்டரி சார்’. பட்டாளத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. விருதுநகரிலிருந்து வந்து, இங்கே தொழிற்சாலை ஒன்றில் எந்திர பாகங்களின் அளவு சரிபார்ப்பவர்.

மத்திகிரியில் இரண்டு அறை வாடகை வீடு. ஓர் அறை முழுக்க இரண்டாம் உலகப் போர்: தண்ணீர்க் குடுவைகள், சாப்பாட்டு டப்பாக்கள், தோட்டாப் பெட்டிகள், கித்தான் பைகள். இரும்புச் சாமான்களுக்கெல்லாம் ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய்க் குளியல். “என் தலைக்கு இம்புட்டு எண்ணெய் வச்சதில்ல இந்த மனுசன்” என்பார் மனைவி ஜெயமணி. சொல்லிக்கொண்டே துடைப்பதற்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுப்பார்.

இரும்புத் தொப்பி மட்டும் பதினோரு வருடமாக அகப்படவில்லை. போன தை மாதம் தளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் அதைக் கண்டார். மல்லாந்து கிடந்தது. கோழிகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

தோட்டத்துக்காரர் ஜோதியம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். “எங்கப்பன் மாதப்பன் பர்மா சண்டைக்குப் போயி கொண்டாந்தது. தரமாட்டேன், போப்பா” என்றுவிட்டார். வெள்ளைச்சாமி விலை பேசவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் பஸ் ஏறிப் போய், அந்த அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு தொப்பி கழுவி வைக்கப்பட்டிருந்தது.

“எங்க வூட்லயே யாரும் அவரப் பத்தி இத்தினி கேட்டதில்ல. எடுத்துக்கினு போ. ஆனா அவரு பேரு அதுகூட இருக்கணும்.”

“இருக்கும் தாயி.”

துரு எடுக்கவே இரண்டு மாதம் பிடித்தது. இற்றுப்போன நாடாவுக்குப் பதில் புதிதாகத் தைத்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து விலைக்குக் கேட்டபோது, “அது மாதப்பன் சாமான் சார், என்னுது இல்ல” என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

போன வாரம் ஜோதியம்மாள் வீட்டுக்கு வந்தார். அலமாரியில் தொப்பிக்குக் கீழே ஓர் அட்டை ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாததால், “இதுதான் எங்கப்பன் பேரா?” என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தபடி, “ஒருக்கா போட்டுப் பாக்கட்டா?” என்றார்.

ஜெயமணி கணவரைப் பார்த்தார். அந்த அலமாரியில் மனைவியான அவர்கூடக் கை வைத்ததில்லை.

வெள்ளைச்சாமி தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து, அந்த நரைத்த தலையில் வைத்து, நாடாவைக் கட்டினார். தாடைக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்து, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார்.