வாகிரான் பூட்டிய கதவு

வாகிரானுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. எங்கள் கிளாத்தேன் ஊரில் யாருக்குமே அது சட்டென்று வராது; முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை. ஆனால் இவர் அதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் கால்பந்து கிளப்பில் பூட்ஸ் துடைத்து, ஜெர்சி துவைத்து, உடைமாற்றும் அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். எதைக் கேட்டாலும் "சரிங்க"தான். சட்டென்று சொன்னால் செய்வார். இழுத்துச் சொன்னால் இந்த ஜென்மத்தில் நடக்காது.

நான் அங்கே மாற்று கோல்கீப்பர். அதாவது பெஞ்சில் உட்கார்ந்து, சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்த தெம்பே தின்பவன். ஆட்டத்துக்கு முன்னால் அறையில் டோமினோ ஓடும், பாட்டு ஓடும், கிராம்பு சிகரெட் புகை கண்ணைக் கரிக்கும். கேப்டன் வரும்போது எதிரணி மைதானத்தில் இறங்கியிருக்கும்.

அப்போதுதான் கடல் தாண்டி மேடான் நகரத்திலிருந்து மானுருங் கோச்சாக வந்தார். பட்டதைப் பட்டென்று பேசுவார். அடுத்தவர் பேச்சையும் அப்படியே நம்பிவிடுவார், பாவம். முதல் நாளே டோமினோ குப்பைக்குப் போனது, தெம்பேக்குத் தடை வந்தது.

"மேட்ச் அன்னிக்கு ரெண்டு மணிக்கு இந்தக் கதவைப் பூட்டிரு. அப்புறம் எவனுக்கும் திறக்காதே. நானே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. திறந்தே, உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க," என்றார் வாகிரான், சட்டென்று.

வயது ஐம்பத்தெட்டு. இந்த வேலை போனால் அவரை எவன் சேர்த்துக்கொள்வான்?

மேட்ச் அன்று பயத்தில் எல்லாரும் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டோம். கோச்சைத்தான் காணோம். மனிதர் தங்கியிருந்த வீட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வழியில் வாசலில் நின்றவர்கள், "உள்ள வந்துட்டுப் போங்க" என்றிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு "இன்னொரு நாள் வர்றேங்க" என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். இவர் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று வீட்டில் டீ, நாலாவது வீட்டில் சோறு. கூப்பிட்டவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டு உலை வைத்திருக்கிறார்கள்.

இரண்டே காலுக்குக் கதவு தட்டப்பட்டது.

"வாகிரான், நான்தான். திற."

"சரிங்க..." என்று இழுத்தார். அசையவில்லை.

"அண்ணே, திறந்துருங்க," என்றேன்.

"திறந்தா வேலை போயிரும் தம்பி."

"திறக்கலேன்னாலும் போயிரும்."

"சரிங்க..." என்றார் எனக்கும்.

வெளியே கோச் கதவை உதைத்தார். "திறக்கிறியா இல்லையாய்யா?"

"இதோ திறந்துட்டேங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் மைதானத்துப் பக்கக் கதவு வழியாக இறங்கினோம். கோச் தன் அடையாள அட்டையை முந்தின நாள் அறைக்குள்ளேயே விட்டுப்போயிருந்ததால் காவலாளி அவரை அந்தப் பக்கம் விடவில்லை. கோச் டிக்கெட் எடுத்து, வேர்க்கடலை விற்பவன் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கோல் வாங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் நேராக வாகிரானிடம் வந்தார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"சரிங்க..."

அந்த இழுவை எங்களுக்குப் புரிந்தது. கோச்சுக்குப் புரியவில்லை.

மறுநாள் அவர் வந்தபோது அறை திறந்திருந்தது. பூட்ஸெல்லாம் வரிசையாக இருந்தன. வாகிரான் ஜெர்சி மடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னை வர வேண்டாம்னு சொன்னேனே?"

"ஆமாங்க," என்று பணிவாகச் சொல்லி, குனிந்து கோச்சின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கோச் வெறுங்காலோடு குனிந்து பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"அடியில சேறு இருக்கு," என்றார். "நல்லாத் துடை."