பதினான்கு மஞ்சள் வாளிகள்

அவளை எல்லாரும் 'விளக்கம் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அரசு அலுவலகங்களுக்குச் சாமான் வாங்கும் கொள்முதல் அலுவலர்களுக்கு விதிமுறையில் சந்தேகம் வந்தால் கூப்பிடவேண்டிய தொலைபேசி அவள் மேசைமேல் இருந்தது. விதி மாறும்போதெல்லாம் 'புதுப்பிப்பு' என்று தலைப்பிட்டு ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புவதும் அவள் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் விதி மாறாத வாரம் ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இன்றைக்கு ஒரு குண்டூசிப் பெட்டியைத் தப்பாக வாங்கினால், ஆறு வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து, "அந்தக் குண்டூசி எங்கே, காட்டு" என்பார். அத்தனை பேரும் சூடு கண்ட பூனைகள். வாங்கினாலும் பயம், வாங்காவிட்டாலும் பயம். அக்காவிடம் கேட்டுச் செய்ததில் மட்டும் இதுவரை ஒரு தணிக்கை ஆட்சேபணைகூட வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த வருடம் நாற்பத்தொரு கட்டங்கள் கொண்ட புதுப் படிவம் ஒன்று வந்தது. எதை வாங்குவதானாலும் அதைத்தான் நிரப்ப வேண்டும். முதல் வாரத்தில் அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளாது என்று ஒரு மாதிரிப் படிவத்தை அவளே நிரப்பி அனுப்ப முடிவு செய்தாள். என்ன பொருள் போடலாம் என்று நிமிர்ந்து பார்த்தபோது, துப்புரவு அம்மா மஞ்சள் வாளியோடு அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொருள்: மஞ்சள் வாளி, மூடியுடன். எண்ணிக்கை: பதினான்கு. பத்து என்று போட்டால் பொய் மாதிரி இருக்கும், பதினான்கு என்றால் யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். இந்தப் புத்திசாலித்தனம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

தொலைபேசி அடங்கிவிட்டது. ஒரு மாதம் அக்கா மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டாள். இரண்டாவது மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"அக்கா, வாளி வந்துடுச்சு. ரொம்ப நன்றிக்கா."

"சந்தோஷம். வாளியா கேட்டிருந்தீங்க?"

"இல்லக்கா, ஏணி."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏணி கேட்டா வாளி எப்படிப்பா வரும்?"

"ஏணின்னு மூணு தடவை அனுப்பினேன். மூணு தடவையும் 'மாதிரியுடன் ஒத்துப்போகவில்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. சரி, வம்பே வேண்டாம்னு உங்க மாதிரியை அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரே நாள்ல ஓகே ஆயிடுச்சு."

விசாரித்தால் ஊரெல்லாம் அதே கதை. மேல்மாடியில் ஒப்புதல் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த அலுவலர் வருகிற படிவத்தையும் மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் முத்திரை வைப்பார், போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது நேர்மையான வேலை. ஆக, நூலகம் அலமாரிக்குப் பதில் பதினான்கு வாளி வாங்கியது. பள்ளிக்கூடம் கரும்பலகைக்குப் பதில் பதினான்கு வாளி வாங்கியது. கலங்கரை விளக்கம் ஒன்றுகூட, விளக்குக்குப் பதில் பதினான்கு வாளி வாங்கியது. ஈயடிச்சான் காப்பி என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஈயையும் மூடியோடு வாங்கிவிட்டார்கள்.

அக்கா பதறிப்போய் ஒரு புதுப்பிப்பு அனுப்பினாள்: 'மாதிரியில் உள்ள மஞ்சள் வாளி ஓர் உதாரணம் மட்டுமே. அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்.' அடுத்த வாரம் நாற்பது அலுவலகங்கள் பச்சை வாளி கேட்டு எழுதின. நாற்பதும் திரும்பி வந்தன.

மாதிரியையே ரத்து செய்துவிடலாம் என்று இயக்குநரிடம் போனாள். அவர் ஒப்புதல் வேகம் காட்டும் ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அதன் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ரத்தா? என்னம்மா பேசறீங்க? முன்னாடி ஒரு ஒப்புதலுக்குத் தொண்ணூறு நாள் ஆகும். இப்ப ஒரு நாள். ஆட்சேபணை சுத்தமா இல்ல. வருஷக் கூட்டத்துல உங்களுக்குத்தான் சிறந்த ஊழியர் பட்டயம், எழுதி வெச்சாச்சு."

"சார், யாருக்கும் வேணுங்கறது கிடைக்கலையே!"

"அதுக்கு இந்தப் படத்துல கோடு இல்லையேம்மா" என்றார் இயக்குநர்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே என்று அக்கா புலம்பினாள். ஆனாலும் அதுவரை அது ஊரார் கஷ்டம்தான். அவளுடைய கஷ்டம் அடுத்த மாதம் வந்தது.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருடம் தொங்கியும் விழாதவர், பணிமனையில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பிறகு நடைப்பயிற்சி தரும் அம்மா வந்து, "ரெண்டு மாசத்துக்குள்ள இவரை நடக்க வெச்சுடணும். இல்லேன்னா முட்டி இறுகிடும், அப்புறம் என்ன செஞ்சாலும் வராது" என்றாள்.

"இன்னிக்கே ஆரம்பிங்க" என்றாள் அக்கா.

"எதைப் புடிச்சுக்கிட்டு நடப்பாரு? ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு நடக்கற கம்பி வேணும். பழசு துருப்பிடிச்சு உடைஞ்சு போச்சு. புதுசு கேட்டு எழுதினோம். வந்தது இதுதான்." கதவைத் திறந்து காட்டினாள். பயிற்சி அறையில் பதினான்கு மஞ்சள் வாளிகள் அடுக்கியிருந்தன. மூடியுடன்.

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர், நரைத்த மீசைக்காரர், தொலைபேசியில் அவளுடன் பத்து வருடமாகப் பேசுபவர். குரலை வைத்தே அவளை அடையாளம் கண்டுவிட்டார்.

"நீங்க விளக்கம் அக்கா இல்ல? மன்னிச்சிடுங்கக்கா, நாலு தடவை கம்பின்னுதான் எழுதினேன். அஞ்சாவது தடவை எனக்கே பயம் வந்துடுச்சு."

"தம்பி, மாதிரியைப் பாக்காதீங்க. என்ன ஆனாலும் சரி, உங்களுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் எழுதுங்க. இது நான் சொல்றேன்" என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார்.

பேசாமல் சொந்தக் காசில் ஒரு ஜோடி கம்பி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தாள். நன்கொடையாக ஒரு பொருளை ஏற்றுக்கொள்ள அதே நாற்பத்தொரு கட்டப் படிவம்தான் நிரப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியைப் போன வருடம் புதுப்பித்து அனுப்பியதும் அவளேதான்.

ஒரு மாதம் ஓடியது. கணவர் கட்டிலில் படுத்தபடி பக்கத்துப் படுக்கைக்காரர்களை எல்லாம், "உள்ள தள்ளிப் படுங்க, இடம் நெறைய இருக்கு" என்று சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கொண்டதும் முட்டியைத் தடவிப் பார்ப்பார். அதை அவள் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தி கோணலாக ஓடியது.

மறுநாள் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மாதிரிப் படிவத்தை எடுத்தாள். மஞ்சள் வாளி என்றிருந்ததை அடித்தாள். பொருள்: நடைப்பயிற்சிக் கம்பி, ஒன்பது அடி. எண்ணிக்கை: ஒரு ஜோடி. 'திருத்திய மாதிரி' என்று போட்டு நாடு முழுவதும் அனுப்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், வேலியே பயிரை மேய்கிற வேலையைச் செய்துவிட்டோம் என்று கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஆனால் திரும்பப் பெறவில்லை.

கம்பிகள் வர ஆரம்பித்தன. நூலகத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் படகில் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டு வாரம் பொறுத்தாள். முட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி. ஆஸ்பத்திரியை ஒட்டி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு ஜோடி வந்திருப்பதாகவும், என்ன சாமான் என்று புரியாமல் வரிசையில் ஆட்களை நிறுத்துவதற்கு என்று கவுண்டர் முன்னால் பதித்துவிட்டதாகவும் நடைப்பயிற்சி அம்மா சொன்னாள். சக்கர நாற்காலியில் கணவரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். ஒன்பதாவதாக அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முன்னால் உள்ளவர் நகர நகர ஓரடி வைத்தார். சான்றிதழ் எழுதுகிற வேகம் பயிற்சிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. இருபது நிமிடத்துக்கு ஓரடி. சாயங்காலத்துக்குள் கவுண்டரைத் தொட்டுவிட்டார்.

குமாஸ்தா நிமிராமலே கேட்டார். "பிறப்பா, இறப்பா?"

"ரெண்டும் இல்ல சார். நடை."

"அதுக்கு இங்க படிவம் இல்ல. அடுத்த ஆள்!"

பின்னால் நின்றவர்கள் எல்லாம் அப்படியே பின்னுக்கு நடந்து வழிவிட, அவர் வந்த வழியே திரும்பினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தபடி அவருக்கு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தாள். வாசலில் ஸ்டோர்காரர் காகிதம் ஒன்றோடு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். நீங்க அனுப்பின மாதிரியைக் கண்ணால பாக்கல. எங்களுக்கு வேணுங்கறதை, பழைய கம்பியோட ஒன்பது அடி பத்தாதுன்னு பன்னெண்டு அடின்னு எழுதினேன். திரும்பி வந்துடுச்சு. பரவால்ல, மறுபடியும் எழுதறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொன்னதைச் சொன்னபடி காதில் வாங்கிய மனிதர் அவர் ஒருவர்தான். அவருக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை. அக்காவுக்கு அழுகை வந்தது. அங்கேயே, நாலு பேர் பார்க்க அழுதாள். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே ஒப்புதல் பிரிவுக்குப் போனாள்.

"மாதிரியோட ஒத்துப்போகலையே மேடம்" என்றார் அந்த அலுவலர்.

"மாதிரியை எழுதினவளே நான்தான். தப்பா எழுதினேன். இதுதான் சரி. முத்திரை போடுங்க."

"அதை எழுத்துல குடுத்துடுங்க."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்: 'என் கணவர் நடக்க வேண்டும் என்பதற்காக மாதிரியை மாற்றினேன். தவறு என்னுடையது. இந்தப் படிவத்தில் கேட்டிருப்பது உண்மையான தேவை; தயவுசெய்து கொடுக்கவும்.' கையெழுத்துப் போட்டாள். அலுவலர் அதைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தி, முத்திரை வைத்தார். பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு அடிக் கம்பி வந்தது.

அவள் பேரில் ஆட்சேபணை பதிவானது. மாதிரி ரத்தானது, பட்டயமும் ரத்தானது. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். பட்டயம் மாட்ட வீட்டுச் சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

ஆனால் அரசு அலுவலகத்தில் எந்தக் காகிதமும் ரகசியமாக இருப்பதில்லை. மாதிரியோடு ஒத்துப்போகாமலே ஒரு படிவம் மேல்மாடியில் தேறியது என்றால், அதன் நகல் இல்லாமல் யார் சும்மா இருப்பார்கள்? மூன்று வாரம் கழித்து, கோப்பில் வைக்கச் சொல்லி ஒரு கட்டுக் காகிதம் அக்காவின் மேசைக்கு வந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேசையில் பரப்பினாள். நூலகம் அலமாரி கேட்டிருந்தது. பள்ளிக்கூடம் கரும்பலகை கேட்டிருந்தது. எல்லாருக்கும் ஒப்புதல் கிடைத்திருந்தது. ஒவ்வொன்றோடும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இணைக்கப்பட்டிருந்தது.

"படிச்சுக் காட்டேன்" என்றார் கணவர்.

அவள் படித்தாள். "'என் கணவர் நடக்க வேண்டும் என்பதற்காக.' இது கலங்கரை விளக்கத்துக்காரர்."

"அவருக்குப் புருஷனா?"

"போன்ல கட்டைக் குரல் ஆம்பளைங்க. இவருக்குக் கல்யாணமே ஆகலைங்க."

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள். அறுபத்துமூன்று பேர். முகம் தெரியாத அறுபத்துமூன்று பேர் அவள் கணவர் நடக்க வேண்டும் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பயத்தில் பார்த்து எழுதியதுதான், அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சிரிப்பு நின்றுபோய்க் கண்ணீர் கண்ணை மறைத்தது. எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடியைத் தேடினாள்.

"இரு, நான் எடுத்துட்டு வரேன்" என்று அவர் எழுந்து உள்ளறைக்கு நடந்தார்.